நட்டில் போட்ட மஞ்சள் கோடு

என் கணவர் யாரையும் நம்ப மாட்டார். அது அவர் பிறவிக் குணமா, பார்க்கிற வேலை ஒட்டவைத்த குணமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்திவிட்டு வருவது அவர் உத்தியோகம். அடுத்த தடவை போகும்போது முத்திரை உடைந்திருந்தால் கடைக்காரர் கை வைத்திருக்கிறார் என்று பொருள். முத்திரை தானாக உடையாது. ஆயுசில் பாதியை இப்படிக் கழித்தவர் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாரா? குளியலறையில் சோப்பு மெலிந்திருந்தால்கூட யார் என்று கேட்பார். "தேஞ்சிருக்கும்ங்க" என்றால், "இவ்வளவா?" என்று சோப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

எனக்கும் என் தம்பிக்கும் தேனீ வளர்ப்பு. பெட்டிகளில் பாதி ஓடைக் கரையில், பாதி மேட்டுச் சரிவில். நடுவில் இருப்பதைப் பாதை என்று சொன்னால் பாதைக்கே கோபம் வரும். கார் ஏறாது, பைக் வழுக்கும். அதனால் என் கணவரும் தம்பியும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு ஏடிவி வாங்கினார்கள். பைக் மாதிரி கால் போட்டு உட்கார்ந்து ஹேண்டில் பிடித்து ஓட்டுகிற, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன்னாலும் பின்னாலும் சாமான் கட்ட இரும்புக் கேரியர். சேற்றைக் கண்டால் விடாமல் இறங்குவதாலும், மேடு ஏறும்போது முனகுவதாலும் தம்பி அதற்கு எருமை என்று பெயர் வைத்தான். வார நாட்களில் எருமை எங்களுக்குப் பெட்டி சுமக்கும். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட், கண்ணாடி, கையுறை சகிதமாக என் கணவர் அதில் ஏறிக் காட்டுத் தடத்தில் போய், தலை முதல் கால் வரை சேறு பூசிக்கொண்டு பரம சந்தோஷமாகத் திரும்புவார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்ப்பது அந்த ஒரு நாளில்தான்.

வாங்கின வண்டியை வாங்கினபடி விட்டார்களா என்றால் அதுதான் இல்லை. பெட்டி சரியாமல் இருக்கப் பின் கேரியரைச் சுற்றித் தம்பி கம்பி வைத்துப் பற்றவைத்தான். இவர் முன்னால் கயிறு சுற்றி இழுக்கிற வின்ச் வைத்தார், வயிற்றுக்கு அடியில் தகடு அடித்தார், பல் பெரிய சேற்று டயர் போட்டார். டயர் பெரிதானதும் வண்டி உயர்ந்தது. உயர்ந்ததும் சரிவில் ஆடியது. ஆட்டம் நிற்கப் பின் சக்கரம் இரண்டையும் வெளியே தள்ளி அகலமாக நிறுத்த வேண்டும் என்று ஸ்பேசர் வாங்கினார். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கிற கனமான அலுமினிய வட்டு, அவ்வளவுதான்.

"மாமா, மெக்கானிக்கிட்ட குடுத்து மாட்டிக்கலாமே" என்றான் தம்பி.

"எதுக்கு? நல்லதைக் கழட்டி வெச்சுக்கிட்டு பழசை மாட்டி அனுப்பவா?" என்று இவரே கொட்டகையில் குந்தி, ஸ்பேனர் பிடித்து மாட்டினார். மாட்டி முடித்ததும் ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் பெயின்ட் கொண்டுவந்தார். நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்தும் சக்கரத்தின் இரும்பு வரைக்கும் ஒரு நேர்கோடு இழுத்தார். லாரி எடை மேடையைச் சோதிக்கப் போன இடத்தில் லாரிச் சக்கரங்களில் இந்தக் கோடுகளைப் பார்த்திருக்கிறார். எதற்கு என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது, பார்த்ததுமே புரிந்துவிட்டதாம்.

"சீல் மாதிரி. எவனாவது நட்டுல கை வெச்சா கோடு விலகிக் காட்டிக்குடுத்துடும்" என்றார்.

"நம்ம கொட்டகைக்கு எவன்ங்க வரப்போறான்?"

"வரட்டும். வந்தா தெரியும்ல?"

அடுத்த ஞாயிறு காலை கிளம்புமுன் சக்கரத்தைப் பார்த்தவர், நாடகத்தில் பிணத்தைக் கண்ட ஆள் மாதிரி என்னைக் கூப்பிட்டார். பின் சக்கரத்தில் மூன்று நட்டுகளில் கோடு விலகியிருந்தது. நட்டின் மேல் இருந்த மஞ்சளும் சக்கரத்தின் மேல் இருந்த மஞ்சளும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. வாரம் முழுக்க வண்டி யார் கையில்? தம்பி கையில். விசாரணை ஆரம்பமானது.

"மாப்ள, சக்கரத்தைக் கழட்டினியா?"

"நான் எதுக்கு மாமா கழட்டறேன்?"

"புது டயர். உன் சிநேகிதன் எவனும் இதே மாதிரி வண்டி வெச்சிருக்கானா? ஒரு நாளைக்கு மாட்டிட்டுத் திருப்பித் தரேன்னு கேட்டானா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். என் பிறந்த வீட்டில் எனக்கென்று மிச்சம் இருப்பவன் அவன் ஒருவன். இந்தப் பக்கம் தாலி கட்டியவர். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அடி வாங்குகிற வேலை எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். இவர் நட்டுகளை முடுக்கிவிட்டு, புதிதாகக் கோடு போட்டார்.

மறுவாரமும் விலகியது. இவர் முடுக்கினார், கத்தினார், கோடு போட்டார். எப்போதும் அதே வரிசைதான். அதற்கு அடுத்த வாரம் கொட்டகைக்குப் பூட்டு வந்துவிட்டது. "ஒரு வாரம் யாரும் வண்டியைத் தொடக்கூடாது. சாவி என்கிட்ட இருக்கும். கோடு விலகுதா பார்ப்போம்" என்றார். பூட்டு போடுகிற அந்த ஞாயிறு காலை நட்டுகளை முடுக்கிக் கோடுகளைப் புதிதாகப் போட்டார், எல்லாம் நேராக இருந்தன. காட்டுக்குப் போய் வந்தார். சேறும் சகதியுமாக வண்டியைக் கொட்டகையில் விட்டு, தரை முழுக்க என் சமையலறை மாவைச் சலித்துத் தூவி, பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து பூட்டினார். அந்த வாரம் நானும் தம்பியும் தேனீக்களுக்குத் தீனியாக வைக்கிற சர்க்கரைப் பாகு வாளிகளைக் கையில் தூக்கிக்கொண்டு மேடு ஏறினோம். எனக்கு இடுப்பு கழன்றது. வாய்க்குள்ளேயே அவரைத் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த ஞாயிறு பூட்டைத் திறந்தார். மாவில் ஒரு எலியின் தடம்கூட இல்லை. காய்ந்த சேற்றைக் கழுவினார். கோடு விலகியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கே நின்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். இவர் நேராகச் சமையலறைக்கு வந்து மாவு டப்பாவைத் திறந்தார்.

"மாவு குறைஞ்சிருக்கு."

"சமைக்கறதுக்கு எடுத்தேன்ங்க."

"வந்தவன் வேலையை முடிச்சிட்டு, கால்தடம் தெரியாம மறுபடி மாவு தூவிட்டுப் போயிருக்கான். வீட்டு மாவு. சாவி நான் குளிக்கும்போது மேஜை மேலதான் இருக்கும். அப்போ வீட்டுல யார் இருப்பா?"

அந்தக் கேள்வியின் முனை என் பக்கம் திரும்பியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. கூடவே குடித்தனம் பண்ணுகிறவளையும் கடைக்காரர் வரிசையில் நிறுத்திவிட்டாரே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. காட்டிக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொன்ன என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

சந்தேகம் அம்மை மாதிரி, ஒரே வீட்டில் இருந்தால் ஒட்டாமல் போகாது. எனக்கும் ஒட்டியது. இவர் கத்தினாலும் கோடு விலகியது நிஜம்தானே? பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் தம்பியிடம் கேட்டேன்.

"டேய், என்கிட்ட சொல்லு. வண்டியில கை வெச்சியா?"

புகை போடுகிற கருவியை அமுக்கிக்கொண்டிருந்தவன் கை நின்றது. "சக்கரத்துலயா? சத்தியமா இல்லக்கா."

அது என்ன 'சக்கரத்துலயா?' அப்படியானால் வேறு எதிலோ கை வைத்திருக்கிறான். வலை முகமூடிக்குள் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. அன்று முதல் அவன் நகத்தில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். நான் வளர்த்த பிள்ளையின் நகத்தை நான் பார்த்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு, காலையில் கொட்டகைக்குள் போனவர் சத்தமே போடாமல் வெளியே வந்தார். அன்று காட்டுக்கும் போகவில்லை. பின் சக்கரங்கள் மேல் சாக்கைப் போர்த்திக் கட்டி, கொட்டகையைப் பூட்டினார்.

"உன் தம்பி எங்கே?"

"தேன் குடுக்க வெளியூர் போயிருக்கான். வார கடைசியில வந்துடுவான்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை அவனை வரச்சொல்லு. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருக்கேன். அதுவரைக்கும் யாரும் வண்டிப் பக்கம் போகாதீங்க."

"என்னங்க ஆச்சு?"

"அப்போ தெரியும்."

அதற்கு மேல் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். பக்கத்து வீட்டு ஆள் முன்னால் என் தம்பியை நிற்கவைக்கப் போகிறார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவன் அப்படி நின்றுவிட்டால் இந்த வாசலை அப்புறம் மிதிக்க மாட்டான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே மழை. எங்கள் பக்கம் சாதாரண மழைதான், மேலே மலையில் கொட்டியிருக்க வேண்டும், ஓடை கலங்கலாக ஏறிக்கொண்டிருந்தது. முதல் வரிசைப் பெட்டிகளின் காலைத் தண்ணீர் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏறினால் பெட்டிகள் மிதந்து போய்விடும், உள்ளே இருக்கிற கூட்டம் அத்தனையும் சாகும். அவருக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். சோதனைக்குப் போகிற நாளில் அப்படித்தான், எந்தக் கடைக்கு வருகிறார் என்று யாராவது துப்புக் கொடுத்துவிடுவார்களாம்.

முதல் நாள்தான் ஊர் திரும்பியிருந்த தம்பி, கூப்பிட்டதும் நனைந்துகொண்டு ஓடிவந்தான். கொட்டகைப் பூட்டைப் பார்த்து நின்றான்.

"மாமா தொடக்கூடாதுன்னு சொன்னாரே அக்கா."

"உங்க மாமாகிட்ட நான் பேசிக்கறேன். நீ பெட்டி வாயையெல்லாம் வலை வெச்சு அடை."

சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருடைய பழைய எடைக்கல் பெட்டியில், பெரிய கல்லுக்கு அடியில். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒளித்துவைக்க இடம் ஏது? கொட்டகையைத் திறந்து சாக்கை உருவினேன். பின் சக்கரம் இரண்டிலும் கோடுகள் விலகியிருந்தன. என் பக்கம் இருந்த சக்கரத்தில் ஒரு நட்டில் இரண்டு மஞ்சளுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி. ஓ, இதற்குத்தானா இந்தக் கச்சேரி என்று நினைத்தேன். நட்டு இறுக்கமாக இருக்குமா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. அவர்தான் முதலில் முடுக்கிவிட்டு அப்புறம் கத்துகிறவராயிற்றே. எனக்கு வந்த கோபமெல்லாம் தம்பி மேல்தான். இவ்வளவு ஆனபிறகும் மறுபடி கை வைத்திருக்கிறானே, பெட்டியை ஏற்றி முடித்ததும் இவனைப் பிடித்து உலுக்கிக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எருமையைக் கிளப்பினேன்.

மழையில் தேனீ வெளியே வராது, அது ஒன்றுதான் எங்களுக்குச் சாதகம். முதல் நடை போய்வந்தோம். இரண்டாவது நடையில் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி, நான் ஓட்ட, பள்ளத்துப் பக்கமாகத் தம்பி ஒரு கையால் பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு நடந்து வந்தான். பாதி மேட்டில் ஹேண்டில் என் கைக்குள் வெடவெடவென்று ஆடியது. கல் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தேன். பின்னால் ஏதோ முறிகிற சத்தம். பள்ளத்துப் பக்கச் சக்கரம் தனியாகக் கழன்று, எங்களைப் பிரிந்து நிதானமாக உருண்டு ஓடையை நோக்கிப் போனது. எருமை அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்தது. பெட்டிகள் சரிந்து தம்பியைத் தள்ளின. கேரியர் கம்பி அவன் காலின் மேல் இறங்கியது.

அவன் போட்ட சத்தத்தை எழுத எனக்கு வராது. உடைந்த பெட்டியிலிருந்து தேனீக்கள் மழையிலும் கிளம்பி இருவரையும் கொட்டின. நான் வண்டியைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. வின்ச் கயிற்றை மேலே மரத்தில் மாட்டி இழுக்கலாம் என்று ஓடினேன்.

"அக்கா, வின்ச் போடாத! கயிறு பிஞ்சிருக்கு!"

"என்னடா சொல்ற?"

"நான்தான். வெள்ளத்துல மாட்டின ஒரு வேனை இழுத்துவிட்டேன். மாமாவுக்குத் தெரியாம பிஞ்ச இடத்தை உள்பக்கமா சுத்தி வெச்சிட்டேன். வேற எதுலயும் நான் கை வெக்கல அக்கா. சத்தியமா வெக்கல."

கால் நசுங்கிக் கிடக்கிறவன் மழைத் தண்ணீரை விழுங்கிக்கொண்டே எனக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்தான். அவனைச் சத்தியம் செய்யவைத்தவள் நான். வேலிக் கம்பம் ஒன்றைப் பிடுங்கி, கல்லை முட்டுக் கொடுத்து நெம்பினேன். எங்கிருந்து வந்த பலமோ, கம்பி எழும்பியது. அவன் காலை இழுத்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். அவர் தம்பியைத் தூக்கிக்கொண்டபோதுதான் என் கண் அந்த இன்னொரு பின் சக்கரத்தில் பட்டது. காலையில் நகக்கண் அளவு விலகியிருந்த மஞ்சள் கோடு இப்போது ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. காலையிலிருந்து அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. ஓட்டியது நான். குனிந்து நட்டைப் பிடித்தேன், வெறும் விரலுக்கே சுற்றியது. முன் சக்கரங்களைப் பார்த்தேன், ஸ்பேசர் வைக்காத அந்த இரண்டிலும் எல்லாக் கோடும் போட்டபடி நேராக இருந்தது. இவர் எப்போதும் கிளம்பும்போது பார்ப்பார். திரும்பி வரும்போது சேறு மூடியிருக்கும், பார்க்க மாட்டார். அவரே ஓட்டிவிட்டு வந்த வண்டியில் அவர் யாரைச் சந்தேகப்படுவது? ஒரு திருடனும் வரவில்லை. ஓட ஓட நட்டு தானாகக் கழன்றிருக்கிறது, அந்தக் கோடு வாரா வாரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

தம்பிக்குக் கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்தபின், சாயங்காலம் ஈரச் சட்டையோடு இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. என் வீங்கின கன்னத்தைத் தொடப் போனவரின் கையை விலக்கிவிட்டு, வராந்தாவுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, நகக்கண், விரல் அகலம், முன் சக்கரம்.

"அப்போ... யாருமே வரலையா?" என்றார். தொலைந்த பொருளைத் தேடுகிறவர் குரல் அது.

"நட்டு லூசா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஞாயித்துக்கிழமையே தெரியும்."

"ஏன் முடுக்கல?"

"முத்திரை உடைஞ்சிருந்தா அதைத் தொடக்கூடாது. சாட்சி முன்னாடி அப்படியே காட்டணும். அதான் முறை."

"சரி. சாட்சிக்குத்தான் காட்டணும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வண்டியை எடுக்காத, சக்கரம் கழண்டிருக்குன்னு?"

அவர் ஈரச் சட்டையின் கையைப் பிழிய ஆரம்பித்தார். நான் விடவில்லை.

"சொல்லுங்க. ஏன் சொல்லல?"

"சொன்னா நீ உன் தம்பிகிட்ட சொல்லிடுவே. அவன் வந்து ராத்திரியோட ராத்திரியா முடுக்கி வெச்சிடுவான்னு..." என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஓட்டியது நானாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி, அந்தச் சக்கரம் கழன்றுதான் போயிருக்கும். அது தெரிந்தும் என்னிடம் மறைத்திருக்கிறார், நான் துப்புக் கொடுத்துவிடுவேனாம். கொட்டின இடங்கள் எல்லாம் அப்போதுதான் ஒன்றாக எரிய ஆரம்பித்தன.

உள்ளே போய் அவர் தம்பியின் கட்டில் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து கொட்டகைப் பூட்டின் இன்னொரு சாவியை எடுத்து நீட்டினார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லாதவர், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தம்பி சாவியைப் பார்த்தான், வாங்கவில்லை.

"வேணாம் மாமா. நாளைக்கு வேற ஏதாவது நகர்ந்துச்சுன்னா?"

அதில் கேலி இல்லை. நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னான்.

இப்போது அவன் கால் சேர்ந்துவிட்டது, லேசாக இழுத்து நடக்கிறான். பெட்டி வேலைக்கு வருகிறான், கொட்டகைக்குள் மட்டும் வருவதில்லை, வண்டியை நான்தான் வெளியே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஸ்பேசரை எடுத்துவிட்டோம், வின்ச்சுக்குப் புதுக் கயிறு போட்டாயிற்று. இவர் காலையில் வேலைக்குப் போகுமுன் கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு நட்டையும் முடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் சொல்வார்.

"பார்த்துட்டேன். எல்லாம் இறுக்கமா இருக்கு. நீ தைரியமா எடு."

"சரிங்க" என்பேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் முடுக்கியிருப்பார். ஆனாலும் அவர் தலை மறைந்ததும் நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குந்துவேன்.

போன வாரம் ஒருநாள், மறந்துவைத்த கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தவர், கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். என் கையில் ஸ்பேனர், மூன்றாவது சக்கரத்தில் இருந்தேன். என்னைப் பார்த்தார், நட்டைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. நாலாவது சக்கரத்துக்கு நகர்ந்து, அவர் முடுக்கிய நட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.